சோலார் பூங்காவுக்கு நிலம் கேட்கிறார்களா? வெயிலோடு வெள்ளத்தையும் புயலையும் கணக்கில் எடுங்கள்!

ராமநாதபுரம், தூத்துக்குடி, விருதுநகர் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களுக்கு இப்போது புதுக் கிராக்கி வந்திருக்கிறது. ஒரு காலத்தில் கம்பு, சோளம், மிளகாய், பருத்தி என்று விளைந்து, பிறகு சீமைக் கருவேலம் மண்டிப்போன காடுகளைத் தேடி சூரிய மின் நிறுவனங்களின் ஆட்கள் வருகிறார்கள். கமுதி அருகே சுமார் 2,500 ஏக்கரில், 648 மெகாவாட் திறனுடன் 2016-ம் ஆண்டில் செயல்பாட்டுக்கு வந்த சூரிய மின் நிலையம், அந்தச் சமயத்தில் ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப்பெரிய நிலையங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. அதன்பிறகு சிறிதும் பெரிதுமாகப் பல பூங்காக்கள் தென்மாவட்டங்களில் வந்துவிட்டன.

நிறுவனங்கள் இடம் தேடும்போது முதலில் பார்ப்பவை நான்கு. வெயில் நன்றாக இருக்கிறதா, நிலம் சமதளமா, விலை அல்லது குத்தகை கட்டுப்படியாகுமா, பக்கத்தில் துணை மின்நிலையம் உண்டா. ஐந்தாவதாகப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அடுத்த 25, 30 ஆண்டுகளில் அந்த இடத்தில் வானம் எவ்வளவு கொட்டும், காற்று எவ்வளவு அடிக்கும்? பல இடங்களில் இந்தக் கேள்வி கடைசியில்தான் வருகிறது. சில இடங்களில் வருவதே இல்லை.

‘அது கம்பெனிக்காரர் கவலை, நமக்கென்ன?’ என்று விவசாயி இருந்துவிட முடியாது. நிலையம் மூழ்கினால் குத்தகைப் பணம் நிற்கும். நிலையம் மூழ்காமல் இருக்க மேடாக்கிச் சுவர் கட்டினால், அந்தத் தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போகும். காற்றில் பிய்ந்த தகடு அடுத்தவர் காட்டில் விழும். கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் இதில் பங்கு உண்டு.

வறண்ட பூமியில் 95 சென்டிமீட்டர்

‘எங்கள் ஊரில் மழையே கிடையாது, வெள்ளம் எங்கிருந்து வரும்?’ என்பது கரிசல் காட்டில் வழக்கமாகக் கேட்கும் பேச்சு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகள் அதற்குப் பதில் சொல்லிவிட்டன. டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்யும் சராசரி மழையைவிடக் காயல்பட்டினத்தில் அந்த ஒரு நாளில் பெய்தது அதிகம்.

இதை நிலக்கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாகப் புரியும். ஒரு ஏக்கரில் 10 செ.மீ. மழை என்றால் சுமார் 4 லட்சம் லிட்டர் தண்ணீர். 95 செ.மீ. என்றால் சுமார் 38 லட்சம் லிட்டர். 500 ஏக்கர் பூங்காவில் 10 செ.மீ. மட்டும் பெய்தாலே 20 கோடி லிட்டர் சேரும். அதில் மண் குடித்தது போக மிச்சம் எந்தப் பக்கம் போகும் என்பதுதான் இடத்தேர்வின் முதல் கேள்வி.

அந்த மழையில் கண்மாய்கள் உடைந்தன, தாமிரபரணி கரைபுரண்டது, சாலைகள் அறுந்தன. ரயில் பாதையின் அடிமண் அரிக்கப்பட்டதால், சென்னைக்குப் புறப்பட்ட திருச்செந்தூர் ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றது. தலா 210 மெகாவாட் திறனில் 5 அலகுகள் கொண்ட தூத்துக்குடி அனல் மின் நிலையத்தையும் வெள்ளநீர் சூழ்ந்ததில் மின் உற்பத்தி தடைபட்டது. பல பத்தாண்டுகளாக இயங்கிவரும் பெரிய நிலையத்துக்கே இந்தக் கதி என்றால், ஓடைக்குப் பக்கத்தில் புதிதாக வரும் பூங்காவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சராசரியை நம்பக் கூடாது

பயிர்த்திட்டம் போட சராசரி மழை உதவும். 25 ஆண்டுக்கு நிற்கப்போகும் கட்டுமானத்துக்கு அது உதவாது. அங்கே பார்க்க வேண்டியது உச்சத்தை. பொறியாளர்கள் இதை ‘50 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மழை’, ‘100 ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம்’ என்று சொல்வார்கள். இந்தச் சொல்லில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 50 ஆண்டுக்கு ஒருமுறை என்றால், ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த 50 ஆண்டுக்கு வராது என்று பொருள் அல்ல. ஒவ்வோர் ஆண்டும் 100-க்கு 2 பங்கு வாய்ப்பு உண்டு என்றுதான் பொருள். சென்ற ஆண்டு வந்தது இந்த ஆண்டும் வரலாம்.

குத்தகைக் காலத்தோடு சேர்த்துக் கணக்குப் போட்டால், 50 ஆண்டு வெள்ளம் 25 ஆண்டுக்குள் ஒருமுறையாவது வருவதற்கான வாய்ப்பு 100-க்கு சுமார் 40. 30 ஆண்டு என்றால் சுமார் 45. கிட்டத்தட்ட பூவா தலையா போடுவது மாதிரி. 100 ஆண்டு வெள்ளமேகூட 25 ஆண்டுக்குள் வர 100-க்கு சுமார் 22 வாய்ப்பு இருக்கிறது. ஆகவே ‘50 ஆண்டு வெள்ளத்துக்கு ஏற்ப வடிவமைத்திருக்கிறோம்’ என்று நிறுவனம் சொன்னால், அதை முழுப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதையும் மீறி வந்தால் தண்ணீர் எங்கே போகும் என்று அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்தக் கணக்குகள் எல்லாம் பழைய மழைப் பதிவுகளை வைத்துப் போடப்படுபவை. கடல் சூடாகிக் குறுகிய நேரத்தில் கொட்டும் மழை கூடிவரும் காலத்தில், பழைய பதிவை அப்படியே எதிர்காலத்துக்கு நீட்டினால் கணக்கு குறைவாகத்தான் வரும். 2023 டிசம்பர் மழையைச் சேர்க்காமல் அதற்கு முந்தைய பதிவுகளை மட்டும் வைத்துப் போட்ட அறிக்கை தென்மாவட்டத்துக்குப் பொருந்தாது.

தரிசு என்று எழுதியிருப்பது தண்ணீர்ப் பாதையாக இருக்கலாம்

ராமநாதபுரம் சீமையின் கண்மாய்கள் சங்கிலி போன்றவை. மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாக வழிவது கீழ்க் கண்மாய்க்கு வரத்து. இடையில் இருக்கும் ஓடையும் வரத்துக்காலும் பத்து ஆண்டுக்கு ஒருமுறைதான் முழுசாக ஓடும். மற்ற ஆண்டுகளில் கருவேலம் முளைத்துத் தரிசு மாதிரியே தெரியும். வெளியூரில் இருந்து கோடையில் வந்து பார்க்கும் அளவையாளருக்கும், செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து இடம் குறிப்பவருக்கும் அது சமதளமான, விலை குறைந்த, யாரும் பயிர் செய்யாத நல்ல நிலம். ஊர்க்காரருக்கு மட்டும்தான் அது தண்ணீர் வரும் வழி என்று தெரியும்.

அந்த இடத்தை நிரவி, சுற்றிலும் மண்ணை உயர்த்தி, வேலி போட்டால் இரண்டு கெடுதல். கீழே உள்ள கண்மாய்க்கு வரத்து குறைந்து ஆயக்கட்டு காயும். பெருமழை வந்தால் தடுக்கப்பட்ட தண்ணீர் பக்கத்து வயலையும் ஊரையும் தேடிப் போகும். மேல் கண்மாய் உடைந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும். சங்கிலிக் கண்மாய்களில் ஒன்று உடைந்தால் அதன் பாரம் அடுத்ததில் விழும். ஆகவே பூங்கா இருக்கும் இடத்தில் பெய்யும் மழையை மட்டும் கணக்கிட்டால் போதாது. மேலே இருக்கும் எல்லாக் கண்மாய்களின் நீர்ப்பிடிப்பையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

கரிசல் மண்ணின் குணமும் முக்கியம். நனைந்தால் ஊதும், காய்ந்தால் வெடிக்கும். ஆழம் குறைவாக ஊன்றிய இரும்புக் கால்கள் இந்த ஊதலில் மேலே தள்ளப்படும், சாயும். மழைக்குப் பிறகு பல நாள் வண்டி உள்ளே போக முடியாது. பழுது பார்க்க ஆள் போகவே வழி இல்லை என்றால் சிறிய பழுதும் பெரிதாகும். அதனால் இன்வெர்ட்டர், டிரான்ஸ்பார்மர், துணை மின்நிலையம் ஆகிய மூன்றும் வெள்ள மட்டத்துக்கு மேல் மேடையில் இருக்க வேண்டும். அங்கே போகும் பாதையும் மழைக்குத் தாங்க வேண்டும்.

தகடுகள் மட்டுமே தண்ணீர் ஓட்டத்தைப் பெரிதாகக் கூட்டுவதில்லை. தகட்டின் விளிம்பில் இருந்து சொட்டும் நீர் அடியில் உள்ள மண்ணில் இறங்கிவிடும். அந்த மண் புல் மூடி இருந்தால்தான் இது நடக்கும். வண்டி ஓட்டி இறுகிப்போன வெற்று மண்ணாக இருந்தால், சொட்டும் நீர் கோடு கோடாக அரித்து வாய்க்காலாக்கி, வண்டலைக் கொண்டுபோய் வரத்துக்காலை மூடும். களைக்கொல்லி அடித்து மொட்டையாக வைப்பதைவிட, கொழுக்கட்டைப் புல் போன்ற மானாவாரிப் புல்லை வளர்த்து ஆடு மேய விடுவது மண்ணுக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. சரிவின் கீழ் ஓரத்தில் வெட்டிவேர் வரிசை வைத்தால் வண்டல் தங்கும்.

காற்றின் கணக்கு

கட்டடங்களும் கட்டுமானங்களும் எவ்வளவு காற்றைத் தாங்க வேண்டும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணயம் உண்டு. ஐ.எஸ். 875-ன் மூன்றாம் பகுதி நாட்டை ஆறு காற்று மண்டலங்களாகப் பிரிக்கிறது. சென்னைக்கு அடிப்படை வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. மதுரைக்கு 39 மீட்டர், சுமார் 140 கி.மீ. காற்றின் வேகம் கூடும்போது அதன் அழுத்தம் வேகத்தின் இருமடிப் பெருக்கமாகக் கூடும். 140-ல் இருந்து 180 என்பது பார்வைக்கு 40 கி.மீ. வித்தியாசம்தான். தகட்டின் மேல் விழும் விசையோ ஒன்றுக்கு ஒன்றே முக்கால் மடங்கை நெருங்கும்.

2015-ல் திருத்தப்பட்ட அந்தத் தர நிர்ணயம், கிழக்குக் கடற்கரையில் இருந்து 60 கி.மீ. வரை புயல் பகுதிக்கு எனக் கூடுதல் காரணி ஒன்றையும் சேர்த்தது. தொழிற்சாலைக் கட்டுமானங்களுக்கு வேகத்தை 15 சதவிகிதம் கூட்டிக் கணக்கிட வேண்டும். விசையில் இது 32 சதவிகிதம் கூடுதல். தூத்துக்குடி, ராமநாதபுரம் மாவட்டங்களின் பெரும்பகுதி இந்த 60 கி.மீ. வரம்புக்குள் வந்துவிடும். உள்நாட்டுக் கணக்கில் வடிவமைத்த தாங்கியைக் கடலோரத்தில் அப்படியே கொண்டுவந்து நிறுத்தினால், மிச்சப்படும் இரும்பின் விலையைப் புயல் ஒரே இரவில் வசூலித்துவிடும்.

2018 நவம்பர் 16-ல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரைகடந்த கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்ததை டெல்டா விவசாயிகள் மறந்திருக்க மாட்டார்கள். தென்னையோடு மின்சாரமும் போனது. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. ஆகவே பூங்காவை மட்டும் பார்த்தால் போதாது, அதில் இருந்து மின்சாரம் கொண்டுபோகும் கம்பியையும் கோபுரத்தையும் பார்க்க வேண்டும்.

காற்றாலைகளிலும் இதே பாடம்தான். காற்று மணிக்கு சுமார் 90 கி.மீ. தாண்டும்போது பெரும்பாலான காற்றாலைகள் சுற்றுவதை நிறுத்தி, இறக்கைகளைக் காற்றுக்கு விலக்கித் திருப்பிக்கொள்ளும். தலையைக் காற்றின் திசைக்குத் திருப்ப மின்சாரம் வேண்டும். புயலில் முதலில் போவதே மின்சாரம்தான். 2003 செப்டம்பரில் ஜப்பானின் மியாகோ தீவை மேமி புயல் தாக்கியபோது சில காற்றாலைகள் அடியோடு சாய்ந்தன. மின்சாரம் அறுந்த நேரத்திலும் தலையைத் திருப்பத் தனி ஏற்பாடு உண்டா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

ஆலங்கட்டி, இடி, வெப்பம்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில மேற்குப் பகுதியில் 2019 மே மாதம் பெய்த ஆலங்கட்டி மழையில், 182 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஒன்றில் 4 லட்சத்துக்கும் அதிகமான தகடுகள் சேதமாயின. வெயிலை வைத்துப் பார்த்தால் அது அருமையான இடம். ஆலங்கட்டியை வைத்துப் பார்த்தால் ஆபத்தான இடம். அதன்பிறகு காப்பீட்டு நிறுவனங்கள் ஆலங்கட்டிச் சேதத்துக்குத் தரும் தொகையைக் குறைக்கத் தொடங்கின. மழைக்கு முன்பே தகடுகளைச் செங்குத்தாகத் திருப்பி வைக்கும் முறையும் பரவியது. தென்தமிழகச் சமவெளியில் ஆலங்கட்டி அபூர்வம். ஆனால், ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு தனி ஆபத்து உண்டு, அதைத் தெரிந்துகொண்டுதான் இடம் பார்க்க வேண்டும் என்ற பாடம் நமக்கும் பொருந்தும்.

நமக்கு இடி ஒரு பெரிய ஆபத்து. நூற்றுக்கணக்கான ஏக்கரில் பரவிய இரும்புச் சட்டமும் கம்பி வேலியும் சரியாக நிலத்தோடு இணைக்கப்படாவிட்டால், மின்னல் நேரத்தில் வேலி ஓரம் மேயும் ஆடு மாடுகளுக்கும் மேய்ப்பவருக்கும் ஆபத்து. வெப்பமும் கணக்கில் வர வேண்டும். தகட்டின் திறன் 25 டிகிரி வெப்பத்தில் அளக்கப்படுகிறது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவிகிதம் வரை உற்பத்தி குறையும். சித்திரை வெயிலில் தகடு 60 டிகிரிக்குச் சூடானால் 10 சதவிகிதத்துக்கு மேல் இழப்பு. உற்பத்தியில் பங்கு என்று ஒப்பந்தம் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆபத்துகள் கூட்டாக வரும்

மழை தனியாக, காற்று தனியாக, மின்தடை தனியாக என்று பிரித்துக் கணக்கிடுவது இடத்தேர்வில் அடிக்கடி நடக்கும் குறை. பிரான்ஸ் நாட்டின் பிளாயே அணுமின் நிலையம் ஜிரோந்து ஆற்றின் கழிமுகத்தில் இருக்கிறது. 1999 டிசம்பர் 27 இரவு வீசிய புயலில், கடலேற்ற நீரின் மேல் காற்று எழுப்பிய அலைகள் கரையைத் தாண்டி உள்ளே புகுந்து, கீழ்த்தள அறைகளையும் பம்புகளையும் மூழ்கடித்தன. நீர்மட்டம் எவ்வளவு உயரும் என்று கணக்கிட்டிருந்தார்கள். அதன் மேல் காற்றால் எழும் அலையைப் போதுமான அளவு சேர்க்கவில்லை. அதே இரவில் மின்கம்பிகளும் அறுந்தன, நிலையத்துக்குப் போகும் சாலையும் அடைபட்டது. கதிர்வீச்சு ஆபத்து ஏதும் நேராமல் தப்பியது என்றாலும், பிரான்ஸ் தன் அணுமின் நிலையங்கள் எல்லாவற்றின் வெள்ளப் பாதுகாப்பையும் மறுபடி ஆராய நேர்ந்தது.

நிலத்தின் பழைய நினைவை மதித்தவர்கள் தப்பிய கதையும் உண்டு. அது புயல் அல்ல, ஆழிப்பேரலை. ஆனாலும் பாடம் ஒன்றுதான். 2011 மார்ச் மாதம் ஜப்பானில், சுமார் 5.7 மீட்டர் அலைக்குத் திட்டமிட்டிருந்த ஃபுகுஷிமா நிலையத்தை அதைவிட இரண்டு மடங்குக்கும் உயரமான அலை தாக்கியது. நிலநடுக்க மையத்துக்கு இன்னும் அருகில் இருந்த ஒனகாவா நிலையம் தப்பியது. காரணம், அது 14.8 மீட்டர் உயரமான மேட்டில் கட்டப்பட்டிருந்தது. கி.பி. 869-ல் அந்தக் கரையைத் தாக்கிய பேரலையைக் கருத்தில் கொண்டு, உயரமான இடம்தான் வேண்டும் என்று யனோசுகே ஹிராய் என்ற பொறியாளர் பிடிவாதமாக நின்றார். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய நினைவு ஒரு நிலையத்தைக் காத்தது.

நம் ஊர்களிலும் அந்த நினைவு இருக்கிறது. 1992 நவம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எந்தத் திண்ணை வரை வந்தது, 2023-ல் எந்த ஓடை திரும்பி ஓடியது, கலுங்கு கடைசியாக எப்போது முழுசாக வழிந்தது என்பதெல்லாம் பெரியவர்களுக்குத் தெரியும். கோயில் சுவரிலும் பள்ளிக்கூடச் சுவரிலும் வெள்ளத் தடம் இருக்கும். இது வெறும் பேச்சு அல்ல. அளவை எடுக்கும் பொறியாளருக்கு இது சான்று. அந்தத் தடத்தின் உயரத்தை அளந்து வரைபடத்தில் ஏற்றச் சொல்லலாம்.

சட்டம் கேட்காத கேள்வியை ஊர்தான் கேட்க வேண்டும்

அனல் மின் நிலையம், அணுமின் நிலையம் போன்றவற்றுக்கு 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி வேண்டும். பொதுமக்கள் கருத்துக் கேட்பும் அதில் உண்டு. சூரியத் தகடு நிலையங்களும் காற்றாலைகளும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே ஆயிரம் ஏக்கர் பூங்கா வந்தாலும், அந்த அறிவிக்கையின் கீழ் ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முந்தைய சில வாரங்கள்தான் ஊருக்குக் கிடைக்கும் வாய்ப்பு. அப்போது செய்ய வேண்டியவை இவை.

* கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்த்து, கேட்கப்படும் புல எண்களுக்கு உள்ளும் ஒட்டியும் ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை, நீர்நிலைப் புறம்போக்கு இருக்கிறதா என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

* மேலும் கீழும் உள்ள கண்மாய்களின் முழு நீர்மட்டம், கலுங்கு மட்டம் ஆகியவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். விவரம் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம்.

* நிறுவனத்திடம் வெள்ள ஆய்வு அறிக்கை, மண் பரிசோதனை அறிக்கை, காற்றுக் கணக்கு ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்க வேண்டும். எத்தனை ஆண்டு வெள்ளத்துக்குக் கணக்கிட்டார்கள், 2023 மழை அதில் சேர்ந்திருக்கிறதா, 60 கி.மீ. கடலோரக் காரணி சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

* வடிகால் வரைபடத்தை ஊரார் முன் வைக்கச் சொல்ல வேண்டும். தண்ணீர் உள்ளே வரும் இடம், வெளியே போகும் இடம், போய்ச் சேரும் இடம் மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டிய வரிகள்

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்வது கட்டாயம். பதிவுக்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுவது நல்லது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் ‘தவிர்க்க முடியாத இயற்கைச் சீற்றம்’ என்று ஒரு பிரிவு இருக்கும். புயல், வெள்ளம் வந்தால் நிறுவனம் தன் கடமைகளில் இருந்து விலகிக்கொள்ள அது வழி செய்யும். அந்தப் பிரிவு குத்தகைத் தொகையையும் நிறுத்துமா, எத்தனை மாதத்துக்கு நிறுத்தும் என்பதைத் தெளிவாக எழுதச் சொல்ல வேண்டும். வரக்கூடியது என்று முன்பே தெரிந்த வெள்ளத்தைத் ‘தவிர்க்க முடியாதது’ என்று சொல்லி நழுவ இடம் தரக் கூடாது.

வடிகாலை ஆண்டுதோறும் ஐப்பசிக்கு முன் தூர்வாருவது யார் பொறுப்பு, பக்கத்து நிலத்துக்குச் சேதம் வந்தால் இழப்பீடு யார் தருவது, உடைந்த தகடுகளை எத்தனை நாளில் அகற்றுவது, குத்தகை முடிந்ததும் இரும்புக் கால்களையும் கான்கிரீட்டையும் எடுத்து நிலத்தைப் பழைய நிலையில் ஒப்படைப்பது யார், அதற்கு முன்பணம் அல்லது வங்கி உத்தரவாதம் உண்டா என்ற ஐந்துக்கும் ஒப்பந்தத்தில் பதில் இருக்க வேண்டும். நிறுவனம் பூங்காவை வேறு ஒருவருக்கு விற்றாலும் இந்தப் பொறுப்புகள் வாங்கியவரைச் சேரும் என்று ஒரு வரி அவசியம்.

இவற்றைக் கேட்பதால் திட்டம் நின்றுவிடாது. ஓடைக்கு இருபுறமும் இடம் விட்டு, தகடுகளைத் தள்ளி அமைப்பதும், மின்கருவிகளை மேடையில் ஏற்றுவதும், கால்களை ஆழமாக ஊன்றுவதும் வரைபடத்தில் இருக்கும்போது செலவு குறைவு. கட்டி முடித்த பிறகு அதே வேலைக்குப் பல மடங்கு ஆகும். நல்ல இடத்தில் அமையும் பூங்கா மானாவாரி விவசாயிக்கு மழையை நம்பாத ஒரு வருமானம். இடம் தப்பினால் அந்த வருமானமும் மழையைத்தான் நம்பி இருக்கும்.

கேள்வி – பதில்

கேள்வி: நாங்கள் நிலம் கொடுக்கவில்லை. பக்கத்தில் வந்த பூங்காவில் இருந்து மழைநீர் எங்கள் வயலில் பாய்ந்து பயிர் அழுகுகிறது. எங்கே முறையிடலாம்?

பதில்: மழை பெய்த அன்றே தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். புல எண்ணோடு கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் இருவருக்கும் எழுத்தில் மனுக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மாதந்தோறும் மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுவைப் பதிவு செய்யுங்கள். நீர்நிலையோ வரத்துக்காலோ ஆக்கிரமிக்கப்பட்டிருந்தால் அதை மனுவில் தனியாகக் குறிப்பிடுங்கள். நீர்வளத்துறைக் கண்மாய்களுக்கு 2007-ம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் உண்டு.

கேள்வி: சோலார் தகடுகள் மேகத்தை விரட்டி மழையைக் குறைக்கும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: நமக்கு மழை தருவது பருவக்காற்றும் வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு மண்டலங்களும். சில ஆயிரம் ஏக்கர் தகடுகள் அவற்றைத் தடுக்காது. பூங்காவுக்குள் காற்று சற்றே சூடாகலாம். கவலைப்பட வேண்டியது பெய்த மழை எந்த வழியில் ஓடுகிறது என்பதைப் பற்றித்தான்.

கேள்வி: புயலில் உடைந்த தகடுகள் நிலத்தைக் கெடுக்குமா?

பதில்: பெரும்பாலான தகடுகள் கண்ணாடி, அலுமினியம், சிலிக்கான் ஆகியவற்றால் ஆனவை. பற்றவைப்பில் சிறிதளவு ஈயம் இருக்கும். சில வகைகளில் காட்மியம் உண்டு. எந்த வகை என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். உடனடி ஆபத்து கண்ணாடித் துண்டுகள்தான். ஒருமுறை மண்ணில் கலந்துவிட்டால் உழுபவர் காலுக்கும் மாட்டின் குளம்புக்கும் பல ஆண்டு தொல்லை. 2022-ம் ஆண்டின் மின்கழிவு மேலாண்மை விதிகளில் சூரியத் தகடுகளும் சேர்க்கப்பட்டுள்ளன. ஆகவே உடைந்த தகடுகளை நிலத்திலேயே குழி தோண்டிப் புதைக்க அனுமதிக்காதீர்கள்.